2.7 மீட்டர் காற்றடைத்த டிங்கி: பாய்மரப் படகுடன் மூன்று ஆண்டுகள்

எங்கள் பாய்மரப் படகு பத்தரை மீட்டர் நீளமுள்ளது. அதன் அடிக்கட்டை மிதக்க ஒன்றே முக்கால் மீட்டர் ஆழம் வேண்டும் என்பதால் அது கரைக்கு அருகில் வருவதே இல்லை. நங்கூரம் போட்ட இடத்துக்கும் கரைக்கும் இடையே உள்ள தூரத்தை நாள்தோறும் கடக்க உதவுவது அதனோடு வரும் டிங்கி என்ற சிறு துணைப் படகுதான். குடிநீர் கேன், எரிபொருள், காய்கறி, துவைக்க வேண்டிய துணி, குப்பை, விருந்தினர் என எல்லாமே அதில்தான் போய் வருகின்றன. மூன்று ஆண்டுகளுக்கு முன் நானும் என் கணவரும் வாங்கிய டிங்கியைப் பற்றிய மதிப்பீடு இது. 2.7 மீட்டர் நீளம், ஹைப்பலான் என்ற செயற்கை ரப்பர் துணியாலான காற்றுக்குழாய்கள், காற்றடைத்த தளம், மரப் பின்பலகை, மோட்டார் இல்லாமல் ஏறத்தாழ 30 கிலோ எடை ஆகியவை இதன் அடிப்படை விவரங்கள். தயாரித்த நிறுவனத்தின் பெயரை நான் குறிப்பிடவில்லை. இதே அளவில், இதே அமைப்பில் பலரும் செய்து விற்கிறார்கள். நான் சொல்லும் நிறைகுறைகளில் பெரும்பாலானவை அந்த வகை முழுவதற்கும் பொருந்தும்.

வாங்குவதற்கு முன் நாங்கள் படித்த மதிப்பீடுகள் அனைத்தும் டிங்கியைத் தனிப் படகாகவே பார்த்தன. அது எவ்வளவு வேகமாகப் போகிறது, எத்தனை பேரைத் தாங்குகிறது, திரும்பும்போது எப்படிச் சாய்கிறது என்பவற்றையே அவை விவரித்தன. அவை தவறான கேள்விகள் அல்ல. ஆனால் பெரிய படகோடு சேர்ந்து வாழும் டிங்கி ஓடும் நேரம் ஒரு நாளில் அரை மணிகூட இருக்காது. மீதி நேரமெல்லாம் அது கட்டப்பட்டிருக்கிறது, இழுக்கப்படுகிறது, தூக்கப்படுகிறது, அல்லது முன்தளத்தில் கவிழ்ந்து கிடக்கிறது. ஆகவே பெரிய படகோடு அது எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதைத்தான் நான் முதலில் பார்க்கிறேன். அதன் ஓட்டம் அடுத்தபடியே.

இந்தச் சிக்கல் புதிதல்ல. 1895 முதல் 1898 வரை தனியாளாக உலகைச் சுற்றி வந்த ஜோஷுவா ஸ்லோகம், தன் ‘ஸ்ப்ரே’ படகுக்குத் துணைப் படகு தேடியபோது, டோரி எனப்படும் தட்டையடி மீன்பிடிப் படகை முழுதாக ஒற்றை ஆளாகத் தூக்கி ஏற்றுவது கடினம் என்று கண்டு, ஒரு டோரியைக் குறுக்கே இரண்டாக அறுத்து, வெட்டிய பக்கத்தைப் பலகையால் அடைத்து, அந்தப் பாதிப் படகையே எடுத்துச் சென்றார். கடலில் ஓடுவதற்கு அது சிறந்த வடிவம் அல்ல என்பது அவருக்குத் தெரியாததல்ல. ஆயினும் அவருடைய தளத்தில் அது அடங்கியது, அவர் கையால் தூக்க முடிந்தது. அதில் துணியும் துவைத்துக்கொண்டார். டிங்கி வாங்கும் எவரும் இந்த வரிசையில் யோசிப்பது நல்லது. ‘டிங்கி’ என்ற சொல்லே வங்காளத்திலும் இந்தியிலும் சிறு படகைக் குறிக்கும் சொல்லிலிருந்து ஆங்கிலத்துக்குச் சென்றது. கட்டுமரத்தைத் தந்த நம் மொழிக்கு அது பக்கத்து வீட்டுச் சொல்தான்.

அடங்கும் திறனில் இந்த டிங்கிக்கு முழு மதிப்பெண் தருகிறேன். காற்றை இறக்கிச் சுருட்டினால் பாய்மரத்துக்கும் முன்கதவுக்கும் இடையே உள்ள இடத்தில் படுத்துவிடுகிறது. நீண்ட பயணத்துக்கு முன் இருவராகச் சுருட்டிக் கட்ட இருபது நிமிடங்கள் ஆகின்றன. மீண்டும் விரித்துக் காற்றடிக்கவும் அதே நேரம்தான். அடிப்பகுதி கண்ணாடியிழையாலோ அலுமினியத்தாலோ ஆன டிங்கிகள் கடலில் இதைவிட நன்றாகவே ஓடுகின்றன. ஆனால் அவற்றைக் கவிழ்த்து வைத்தால் முன்தளம் முழுவதும் நிறைந்துவிடும். நங்கூரச் சங்கிலியை அணுகக் குனிந்து நுழைய வேண்டும், முன்கதவைத் திறக்க முடியாது, சுக்கான் பிடித்திருப்பவருக்கு முன்பார்வையும் மறையும். பன்னிரண்டு, பதின்மூன்று மீட்டர் படகு வைத்திருப்பவர்களுக்கு இது பொருட்டில்லை. பத்து மீட்டர் படகில் அது தினசரித் தொல்லை.

காற்றடைத்த தளத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் பலரும் இதை நம்பத் தயங்குகிறார்கள். மேல் துணிக்கும் கீழ்த் துணிக்கும் இடையே ஆயிரக்கணக்கான நூல்களை நெருக்கமாகப் பாய்ச்சியிருப்பதால், அழுத்தம் ஏற ஏற அது பந்துபோல் உப்பாமல் பலகைபோல் தட்டையாக விறைக்கிறது. பக்கக் குழாய்களுக்கு 0.25 பார் அழுத்தம் போதும்; தளத்துக்கு அதைப்போல் மூன்று மடங்கு, அதாவது முக்கால் பார் அளவு வேண்டும். தளத்தின் விறைப்பு குறைந்தால் மோட்டாரின் உந்துதலில் படகு நடுவில் மடிந்து நெளிவதைக் காலடியிலேயே உணரலாம். கைப்பம்பால் கடைசிச் சில அடிகள் அடிப்பது உண்மையிலேயே கடினமான வேலை. என் உடல் எடை முழுவதையும் பம்பின் மேல் சாய்த்தால்தான் காற்று உள்ளே இறங்குகிறது. டிங்கியோடு தந்த பம்பில் அழுத்தமானி இல்லை என்பதை நான் குறையாகவே பதிவு செய்கிறேன். விரலால் அழுத்திப் பார்த்து முடிவு செய்யும் முதல் வாங்குநர் பெரும்பாலும் குறைவாகவே அடித்திருப்பார். பிறகு படகு சரியில்லை என்று சொல்வார்.

வெயிலும் இந்தக் கணக்கில் வருகிறது. காலையில் 25 பாகை செல்சியஸில் 0.25 பார் அடித்த குழாய், நண்பகலில் 50 பாகை வரை சூடேறினால் உள்ளழுத்தம் 0.35 பாரைத் தொடுகிறது. இது பள்ளிப் பாடத்து வாயு விதிதான். ஆயினும் ஒட்டுத் தையல்களைப் பிரிப்பது இந்தக் கூடுதல் அழுத்தமே. நீரில் மிதக்கும்போது கடல் ஓரளவு குளிர்விக்கிறது. தளத்தின் மேலோ கரையிலோ வெயிலில் கிடக்கும் நாளில் வால்வை ஒருமுறை அழுத்திக் கொஞ்சம் காற்றை விடுவது எங்கள் வழக்கமாகிவிட்டது. மாலையில் படகு தொய்ந்திருந்தால் உடனே ஓட்டை என்று பதற வேண்டியதில்லை. குளிர்ந்த காற்று சுருங்கியிருக்கிறது, அவ்வளவே.

துணி விஷயத்தில் பணத்தைச் சேமிக்கப் பார்க்காதீர்கள் என்பது என் உறுதியான கருத்து. பி.வி.சி. டிங்கிகள் விலை குறைந்தவை, எடையும் குறைவு. தையல்களை வெப்பத்தால் இணைப்பதால் புதிதாக இருக்கும்போது மிக உறுதியாகவும் இருக்கின்றன. ஆனால் ஆண்டு முழுவதும் கடுமையான வெயிலில் கிடந்தால் பி.வி.சி.யிலுள்ள மென்மையாக்கிகள் வெளியேறி, மேற்பரப்பு முதலில் பிசுபிசுத்து, பின்னர் வெடித்துவிடும். எங்கள் முந்தைய டிங்கி அப்படித்தான் போனது. அதில் உட்கார்ந்து எழுந்தால் உடையில் சாம்பல் நிறப் பிசின் ஒட்டிக்கொள்ளும். ஹைப்பலான் என்பது டூபான் நிறுவனம் வைத்த பெயர். அந்த நிறுவனம் 2010-இல் தயாரிப்பை நிறுத்திவிட்ட போதிலும், அதே வகைச் செயற்கை ரப்பரைப் பிறர் செய்து வருவதால் படகுக்காரர்கள் பழைய பெயரையே சொல்கிறார்கள். மூன்று வெயில் காலங்களுக்குப் பிறகும் எங்கள் குழாய்களின் நிறம் சற்று வெளுத்ததைத் தவிர வேறு மாற்றம் தெரியவில்லை. குழாய்களின் மேற்புறத்துக்குத் தடித்த கூடாரத் துணியில் என் கணவர் தைத்த உறையும் அதற்கு ஒரு காரணம். படகுத்துறைத் தூண்களில் ஒட்டியிருக்கும் சிப்பிகளின் விளிம்பு கத்தியைப் போன்றது என்பதை அறிந்தவர்கள் இந்த உறையை முதல் மாதத்திலேயே தைத்துவிடுவார்கள்.

காற்றடைத்த படகு என்றாலே மனத்தில் ஒரு சந்தேகம் எழுவது இயல்பு. 1952-இல் அலன் பொம்பார் என்ற பிரெஞ்சு மருத்துவர் 4.6 மீட்டர் ரப்பர் படகொன்றில் அட்லாண்டிக்கைத் தனியாகக் கடந்தார் என்பதை அப்படிச் சந்தேகிக்கும் நண்பர்களிடம் நான் சொல்வதுண்டு. ஆனால் அந்தச் செய்தியைக் கொண்டு டிங்கியையே உயிர்காக்கும் மிதவையாக வைத்துக்கொள்ளலாம் என்று யாரும் முடிவு செய்துவிடக்கூடாது. அதற்கு மேற்கூரையும் கீழே தொங்கும் நீர்ப்பைகளும் தானாக விரியும் அமைப்பும் வேண்டும். டிங்கியில் அவற்றில் ஒன்றுகூட இல்லை.

இனி, இந்த டிங்கியின் உண்மையான பலவீனத்துக்கு வருகிறேன். அது இழுவை. பாய்மரப் படகுக்குப் பின்னால் கயிற்றில் கட்டி இழுத்துச் செல்லும்போது, இதன் தட்டையான அடிப்பகுதி நேர்கோட்டில் வருவதில்லை. இடமும் வலமுமாக அலைந்துகொண்டே வருகிறது. காற்றுக்கு எதிராகச் சாய்ந்து செல்லும் நாட்களில் எங்கள் வேகம் ஏறத்தாழ அரை நாட் (மணிக்குச் சுமார் ஒரு கிலோமீட்டர்) குறைந்துவிடுகிறது. இழுகயிற்றின் நீளத்தைச் சரிசெய்வதுதான் இதற்கான பாதி மருந்து. ஓடும் படகின் பின்னால் எழும் அலைவரிசையில், இரண்டாம் அலையின் முன்சரிவில் டிங்கி அமர்ந்துவிட்டால், சரிவே அதைச் சற்று முன்தள்ளுவதால் கயிற்றின் இறுக்கம் கண்ணெதிரே தளரும். அலைமுகட்டுக்குப் பின்னால் விழுந்துவிட்டாலோ, மேட்டில் வண்டி இழுப்பதைப் போன்ற சுமையைக் கயிற்றைத் தொட்டே உணரலாம். இதில் மறக்கக்கூடாத கணக்கு ஒன்று உண்டு. 5 நாட் வேகத்தில் அந்த அலைகளுக்கு இடையிலான தூரம் சுமார் 4.2 மீட்டர்; 6 நாட் வேகத்தில் அது சுமார் 6.1 மீட்டராக நீள்கிறது. காலையில் சரியாக இருந்த கயிறு நண்பகல் காற்றில் தவறாகிப் போவது இதனால்தான். பின்னாலிருந்து அலை துரத்தும் நாட்களில் கயிற்றை இன்னும் நீளமாக விட வேண்டும். இல்லாவிட்டால் அலையில் சறுக்கி வந்து பின்புறத்தை முட்டும்.

இரண்டாம் ஆண்டில் அப்படி ஒரு பகல். புறப்பட்டபோது காற்று மெல்லியதாக இருந்தது. மூன்று மணி நேரப் பயணம்தானே என்று டிங்கியை ஏற்றாமல் இழுத்துச் சென்றோம். பாதித் தூரத்தில் பின்காற்று வலுத்து, அலைகள் உயரத் தொடங்கின. ஒவ்வொரு அலையிலும் டிங்கி சறுக்கி வந்து கயிற்றைத் தொய்வாக்கும். பிறகு படகு முன்னேற, கயிறு விசுக்கென்று இறுகும். அந்த இறுகலின் சத்தம் உள்ளறைவரை கேட்டது. சற்று நேரத்தில் டிங்கியின் மூக்கு ஒரு பக்கமாகவே திரும்பி நிற்பதைக் கவனித்தேன். அணியத்தின், அதாவது முன்முனையின், இரு பக்கமும் உள்ள வளையங்களில் இரட்டைக் கயிறு கட்டியிருந்தோம். அவற்றுள் இடப்பக்க வளையத்தைத் தாங்கும் வட்டமான ஒட்டுத்துணியின் விளிம்பு, பழைய தபால்தலையின் ஓரம்போல் மேலெழுந்து, ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு நகக்கண் அளவு கூடுதலாகப் பிரிந்துகொண்டிருந்தது. பாயைச் சுருக்கி, காற்றுக்கு எதிரே திரும்பி நின்று, ஆடும் தளத்தில் டிங்கியைத் தூக்கி ஏற்றினோம். கரையில் நின்றிருந்தால் கால் மணியில் முடியும் அந்த வேலைக்கு ஒரு மணி நேரம் ஆனது. என் கணவரின் முன்கையில் கயிறு உராய்ந்த தழும்பு இன்னும் இருக்கிறது.

அந்த ஒட்டு பிரிந்ததற்குத் தயாரிப்பின் குறையும் ஒரு காரணம். பிரிந்த இடத்தில் பசை பாதி வட்டத்துக்கே சீராகப் பரவியிருந்தது. மீதிப் பரப்பு வழவழவென்றிருந்தது. விற்றவரிடம் படங்களை அனுப்பினோம். இழுத்துச் சென்றதால் நேர்ந்த சேதம் உத்தரவாதத்தில் சேராது என்ற பதில் மட்டுமே வந்தது. இழுப்பதற்கென்றே வைக்கப்பட்ட வளையம் இழுத்ததால் பிரிந்தால் அதை ஏற்க மறுப்பது நியாயமில்லை என்று இப்போதும் கருதுகிறேன். பின்னர் இரு கூறுப் பசை வாங்கி, ஈரப்பதம் குறைந்த ஒரு நாளில் இரு பரப்புகளையும் தேய்த்துச் சுத்தம் செய்து, அளவில் பெரிய ஒட்டுத்துணியை நாங்களே ஒட்டினோம். அது இன்றுவரை அசையவில்லை. புதிதாக வாங்குபவர்கள் முதல் நாளிலேயே நான்கு வளையங்களின் விளிம்புகளையும் நகத்தால் நெருடிப் பார்க்கட்டும்.

இழுவை பற்றி இன்னும் சில. மோட்டாரைக் கழற்றாமல் ஒருபோதும் இழுக்க வேண்டாம். டிங்கி கவிழ்ந்தால் மோட்டாரும் போகும், துடுப்புகளும் போகும். இழுகயிறு மிதக்கும் வகையாக இருக்கட்டும். மூழ்கும் நைலான் கயிறு, நங்கூரமிடும் இடத்தில் பின்னோக்கி நகரும்போது பெரிய படகின் புரொப்பல்லரில் சுற்றிக்கொள்ளும்; எங்களுக்கு ஒருமுறை சுற்றியது. மூச்சடக்கிக் கீழே இறங்கிக் கத்தியால் அறுத்தெடுத்தோம். மிதக்கும் கயிறாக இருந்தாலும் எஞ்சினை இயக்குவதற்கு முன் டிங்கியைப் பின்புறத்தோடு ஒட்டக் கட்டிவிட வேண்டும். எங்கள் படகில் எஞ்சின் சாவியின் மேல் ஒரு சிவப்புத் துணிப் பட்டையை மாட்டியிருக்கிறோம். டிங்கியைக் குறுகக் கட்டியவர்தான் அதை எடுக்க வேண்டும்.

இதற்கு நேர்மாறாக, தூக்குவதில் இந்த டிங்கி தங்கமானது. பெரிய படகுகளின் பின்புறத்தில் டிங்கியைத் தொங்கவிட இரண்டு இரும்புக் கைகள் இருக்கும். அவை வசதியானவையே, ஆனால் பெருங்கடலில் பின்னாலிருந்து வரும் அலை ஏறி டிங்கியை நிரப்பினால் அந்தக் கைகளே முறியக்கூடும். இந்த டிங்கியின் உட்தளத்தில் 10 செ.மீ. உயரத்துக்கு நீர் நின்றாலே அதன் எடை நூறு கிலோவைத் தாண்டும். எங்களிடம் அந்தக் கைகள் இல்லை. அணியத்தில் ஒன்று, பின்பலகையின் இரு மூலைகளில் இரண்டு என மூன்று கயிறுகளை ஒரு வளையத்தில் சேர்த்து, அந்த வளையத்தில் பாயேற்றும் உபரிக் கயிற்றை மாட்டி, பாய்மரத்திலுள்ள வின்ச் என்ற கயிறிழுக்கும் உருளையைச் சுற்றித் தூக்குகிறோம். முப்பது கிலோ டிங்கியை நான் ஒருத்தியே தூக்கிவிடுவேன். படகின் பக்கவாட்டில், கைப்பிடிக் கம்பியின் மட்டத்துக்கு அது வந்ததும் முன்னும் பின்னும் ஒரு கயிறு கட்டி அசையாமல் நிறுத்தி, வடிதுளை அடைப்பானைத் திறந்துவிட்டு, பின்புறம் சற்றுத் தாழ இருக்குமாறு விடுகிறோம். இரவு மழை பெய்தால் நீர் துளை வழியே வடிந்துவிடும். அடியில் பாசியும் சிப்பியும் பிடிப்பதில்லை. திருடர்களுக்கும் கயிற்றை அறுத்து ஓசையின்றி இழுத்துச் செல்ல வழியில்லை. தூக்கும் வளையத்தின் கயிறுகளை மட்டும் ஒருமுறை அளந்து, டிங்கி சமநிலையில் தொங்கும் நீளத்தில் நிரந்தர முடிச்சிட்டு வையுங்கள். ஒவ்வொரு மாலையும் நீளம் தேடி நிற்பது வீண் வேலை.

மோட்டார் தேர்வில் எங்கள் முடிவு 2.5 குதிரைத்திறன் கொண்ட நான்கு வீச்சு மோட்டார். அதன் எடை 17 கிலோ. இந்த டிங்கியின் திறன் தகடு இதைவிடப் பெரிய மோட்டாரை அனுமதிக்கிறது. அதைப் பொருத்தினால் படகு நீர்மேல் எழுந்து விரைந்து செல்லும் என்பதும் உண்மையே. ஆனால் மோட்டாரை ஒவ்வொரு முறையும் டிங்கியிலிருந்து பெரிய படகின் பின்கம்பிக்கு ஏற்ற வேண்டியிருக்கும். கீழே ஆடும் ரப்பர் தளம், மேலே ஆடும் படகு. இடையே கையை நீட்டிப் பிடித்த நிலையில் 17 கிலோவே எனக்கு எல்லை. இறுக்கும் திருகுகளைத் தளர்த்துவதற்கு முன் மோட்டாருக்கு ஒரு பாதுகாப்புக் கயிறு கட்டுவதை நாங்கள் ஒரு நாளும் தவிர்ப்பதில்லை. எடை இன்னும் குறைய வேண்டும் என்பவர்களுக்கு, நீருக்குப் பதில் காற்றால் குளிரும் ஹோண்டாவின் 2.3 குதிரைத்திறன் மோட்டார் ஏறத்தாழ 14 கிலோதான். ஆனால் அதன் சத்தம் கூடுதல்.

பெட்ரோல் மோட்டாரின் மற்றொரு சங்கடம் பெட்ரோலே. டீசலில் ஓடும் பாய்மரப் படகில் பெட்ரோல் வைத்திருக்க ஒரே காரணம் டிங்கி. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது என்பதால், கேன் கசிந்தால் அது படகின் அடிவயிற்றில் போய்த் தேங்கும். பிறகு ஒரு பொறி போதும். ஆகவே கேனை வெளித்தளத்தில், காற்றோட்டமுள்ள இடத்தில் மட்டுமே கட்டுகிறோம். இந்தக் காரணத்துக்காகவே பலர் மின்மோட்டாருக்கு மாறுகிறார்கள். நண்பரின் 1 கிலோவாட் மின்மோட்டாரைச் சில வாரங்கள் இதே டிங்கியில் பொருத்திப் பார்த்தோம். அதிகாலையில் ஓசையே இல்லாமல் கரைக்குப் போவதில் கிடைக்கும் நிம்மதியை எழுத்தில் கொண்டுவருவது கடினம். கழற்றினால் மின்கலம் தனி, தண்டு தனி என்பதால் தூக்குவதும் எளிது. ஏறத்தாழ 1 கிலோவாட்-மணி கொள்ளும் மின்கலம் முழு வேகத்தில் ஒரு மணி நேரம்தான் தாங்கும். பாதி வேகத்தில் பல மடங்கு கூடுதல் நேரம் ஓடும். சூரியத் தகடுகள் போதிய அளவு உள்ள படகுக்கு அதையே பரிந்துரைப்பேன். எங்கள் தகடுகளுக்குக் குளிர்பெட்டியே பெரும் சுமையாக இருப்பதால் நாங்கள் பெட்ரோலிலேயே தொடர்கிறோம்.

துடுப்பு போடுவதில் இந்த டிங்கி மோசம் என்று ஒரே சொல்லில் முடிக்கலாம். துடுப்புகள் குட்டை, ரப்பர் கொக்கிகள் வளைகின்றன, எதிர்க்காற்று 15 நாட்டைத் தாண்டினால் முன்னேற்றமே இருக்காது. மோட்டார் நின்றுபோனால் கடல் பக்கம் இழுத்துச் செல்லும் காற்றில் இதை நம்பிச் செல்லக்கூடாது. அதனால் ஒரு சிறு மடக்கு நங்கூரமும் முப்பது மீட்டர் கயிறும் டிங்கியிலேயே நிரந்தரமாக இருக்கின்றன. நன்றாகத் துடுப்பு போட வேண்டும், பாயும் கட்ட வேண்டும் என்பவர்கள் கடினமான அடியுள்ள டிங்கியையே நாட வேண்டும். இதில் அந்த ஆசை நிறைவேறாது.

கரைக்குப் போய் வருவதைத் தவிர, பெரிய படகுக்கு டிங்கி செய்யும் வேறு வேலைகளும் உண்டு. அவற்றில் இது எங்களை ஒருமுறையும் கைவிடவில்லை. பழக்கமில்லாத வளைகுடாவுக்குள் நுழையுமுன் ஈயக்குண்டு கட்டிய கயிற்றோடு முன்னே போய் ஆழம் பார்த்து வரலாம். இரண்டாம் நங்கூரத்தை ஏற்றிச் சென்று வேண்டிய இடத்தில் இறக்கலாம். அந்த வேலையில் மட்டும் மிகுந்த கவனம் வேண்டும். ஸ்லோகம் உருகுவே கரையில் தரைதட்டியபோது, நங்கூரத்தையும் கயிற்றையும் அந்தப் பாதி டோரியில் ஏற்றிச் சென்று, அது நீர் நிறைந்து கவிழ, தமக்கு நீந்தத் தெரியாது என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்ததாக எழுதியிருக்கிறார். நாங்கள் நங்கூரத்தை டிங்கிக்குள் வைப்பதே இல்லை. பின்பலகைக்கு வெளியே, நீரில் தொங்குமாறு ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சால் கட்டி, கயிறு முழுவதையும் டிங்கியின் உள்ளே சுருட்டி வைத்து, போகப் போக அதை விடுகிறோம். கயிற்றைப் பெரிய படகிலிருந்து இழுத்துக்கொண்டு போனால் பாதித் தூரத்துக்கு மேல் சிறு மோட்டாரால் நகர முடியாது.

போன ஆண்டு எங்கள் டீசல் எஞ்சின் எரிபொருள் வடிகட்டி அடைபட்டு நின்றது. காற்று துளியும் இல்லை; ஒரு கிலோமீட்டர் தொலைவில் பாறைத் திட்டு; நீரோட்டம் மெதுவாக அந்தப் பக்கமே தள்ளியது. டிங்கியைப் பின்னால் கட்டித் தள்ளவில்லை, முன்னால் கட்டி இழுக்கவும் இல்லை. பின்பகுதியின் வலப்பக்கத்தோடு ஒட்டி, மோட்டார் பெரிய படகின் பின்விளிம்பைத் தாண்டி நிற்குமாறு கட்டினோம். டிங்கியின் முன்வளையத்திலிருந்து பின்னோக்கிச் சாய்ந்து பெரிய படகின் பின்புறத்தில் கயிறு கட்டும் கொம்புக்குப் போகும் கயிறுதான் தள்ளும் விசையைக் கடத்துகிறது. அதை முடிந்தவரை இறுக்க வேண்டும். மற்ற இரண்டு கயிறுகளும் டிங்கி விலகாமல் பிடிக்கின்றன. மோட்டாரை நேராகப் பூட்டிவிட்டு, பெரிய படகின் சுக்கானாலேயே திசை பார்த்தோம். ஆறு டன் படகு அசைவதற்கே ஒரு நிமிடம் எடுத்தது; பிறகு நடந்து செல்லும் வேகத்துக்கும் குறைவாக, ஆனால் நிற்காமல் நகர்ந்தது. நிறுத்துவதற்கு இருமடங்கு தூரம் ஒதுக்க வேண்டும். இந்த அளவு மோட்டார்கள் பலவற்றில் பின்செல்லும் கியர் இல்லாததால், மோட்டாரையே முழுக்கத் திருப்பித்தான் வேகத்தைக் குறைக்க முடியும். ரப்பர் குழாய் தானே மெத்தையாக இருந்ததால் எங்கள் படகின் பக்கத்தில் ஒரு கீறலும் விழவில்லை. கடினமான டிங்கியாக இருந்திருந்தால் இடிதாங்கும் ஃபெண்டர் மெத்தைகள் அத்தனையையும் தொங்கவிட வேண்டியிருந்திருக்கும்.

பாதுகாப்பு பற்றி விற்பவர்கள் சொல்லாத இரண்டைச் சொல்லிவிடுகிறேன். முதலாவது, மோட்டாரை நிறுத்தும் சிவப்புக் கயிற்றை மணிக்கட்டிலோ தொடையிலோ மாட்டாமல் மோட்டாரைக் கிளப்பக்கூடாது. ஓட்டுபவர் விழுந்தால், ஆளில்லாத டிங்கி வட்டமடித்துத் திரும்பி அவர்மேலேயே வரும். இரண்டாவது, விளக்கு. 1972-ஆம் ஆண்டின் பன்னாட்டுக் கடல் மோதல் தடுப்பு விதிகளின்படி, 7 மீட்டருக்கு உட்பட்டு 7 நாட்டுக்கு மேல் ஓடாத மோட்டார் படகு, எல்லாத் திசையிலும் தெரியும் ஒரு வெள்ளை விளக்கைக் காட்டினால் போதும். துடுப்பில் போகும் படகு ஒரு வெள்ளைக் கைவிளக்கைத் தயாராக வைத்திருந்து, மோதல் நேராதபடி உரிய நேரத்தில் காட்ட வேண்டும். நங்கூரமிட்ட படகுகளுக்கு நடுவே இருட்டில் விளக்கில்லாமல் ஓடும் டிங்கிகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அச்சமாக இருக்கிறது. பின்பலகையில் செருகும் ஒரு மீட்டர் கம்பியும் அதன் உச்சியில் ஒரு மின்கல விளக்கும் எங்கள் டிங்கியின் நிலையான பாகங்கள்.

ஆக, பதினொரு மீட்டருக்கு உட்பட்ட பாய்மரப் படகும், இருவர் அல்லது மூவர் கொண்ட குடும்பமும், நீண்ட தூரத்துக்கு டிங்கியைத் தளத்தில் ஏற்றிச் செல்லும் பழக்கமும் உள்ளவர்களுக்கு இந்த வகையை மனமாரப் பரிந்துரைக்கிறேன். நாள்தோறும் இரண்டு மூன்று கிலோமீட்டர் திறந்த நீரைக் கடக்க வேண்டியவர்களும், டிங்கியை எப்போதும் பின்னால் இழுத்தே செல்ல விரும்புபவர்களும் கடின அடியுள்ளதை வாங்குங்கள். வாங்கும் நாளில் காற்றடைத்த படகுகளுக்கான ஐ.எஸ்.ஓ. 6185 தரக்குறிப்பும் திறன் தகடும் பின்பலகையில் இருக்கின்றனவா என்று பாருங்கள். முழு அழுத்தத்தில் காற்றடித்து ஒரு இரவு விட்டு வைத்து, மறுநாள் காலையில் சோப்பு நுரையை வால்வுகளின் மேல் தடவிப் பாருங்கள். எங்கள் தள வால்வில் மிளகு அளவுக் குமிழ் ஒன்று நிதானமாக எழுந்து உடைந்து, மீண்டும் எழுந்தது. வால்வுச் சாவியால் கால் சுற்று இறுக்கியதும் அது நின்றது. அந்தச் சாவியைப் பெட்டியோடு தூக்கி எறிந்துவிடாதீர்கள்.